லித்தியம் சோலார் பேட்டரி தகராறு செய்கிறதா? அறிகுறியைப் பார்த்துச் சரிசெய்யும் வழி

வீட்டு சோலாருக்கு லித்தியம் பேட்டரி மாட்டியவர்கள் சொல்லும் புகார்கள் திரும்பத் திரும்ப ஏழெட்டு வகைக்குள்தான் அடங்குகின்றன. "பேட்டரி போயிடுச்சு" என்றுதான் பேச்சே தொடங்கும். போய்ப் பார்த்தால் பெரும்பாலும் பேட்டரிக்கு ஒன்றும் ஆகியிருக்காது. பழைய லெட் ஆசிட் பேட்டரிக்கு வைத்த செட்டிங்கை மாற்றாமல் விட்டிருப்பார்கள், இல்லையென்றால் எங்கோ ஒரு நட்டு தளர்ந்திருக்கும். அதனால் ஒவ்வொரு அறிகுறிக்கும் செலவே இல்லாத காரணத்தை முதலில் வைத்திருக்கிறேன், பெருஞ்செலவு வைப்பதைக் கடைசியில். அதே வரிசையில் பாருங்கள், இடையில் தாவ வேண்டாம்.

கீழே வரும் எண்கள் எல்லாம் லித்தியம் இரும்பு பாஸ்பேட் வகை, 16 செல், 51.2 வோல்ட் பேட்டரிக்கானவை. 8 செல் என்றால் பாதி, 4 செல் என்றால் கால். 15 செல் பேட்டரியும் சந்தையில் இருக்கிறது. வெளியே இரண்டிலும் 48 வோல்ட் என்றே எழுதியிருப்பார்கள். உங்களுடையது எது என்று லேபிளில் பார்த்துக்கொள்ளுங்கள். 51.2 என்று இருந்தால் 16 செல், 48.0 என்று இருந்தால் 15. இந்த ஒரு செல் வித்தியாசம் எத்தனை வீடுகளில் குழப்பம் செய்கிறது என்பது கீழே தெரியும்.

கையில் வேண்டியவை: டிசி அளக்கிற மல்டிமீட்டர், டிசி அளக்கிற கிளாம்ப் மீட்டர், கைப்பிடிக்கு உறை போட்ட ஸ்பேனர், பேட்டரியின் பிஎம்எஸ்ஸை (செல்களைக் கண்காணித்து, எல்லை மீறினால் கரண்டை வெட்டும் உள் சர்க்யூட்) பார்க்க அதன் ஆப் அல்லது திரை. மோதிரம், வாட்ச், வளையல் எல்லாவற்றையும் கழற்றி வைத்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். 51 வோல்ட்தானே, ஷாக் அடிக்காது என்று நினைக்க வேண்டாம். ஸ்பேனர் இரண்டு முனையிலும் பட்டால் ஆயிரக்கணக்கான ஆம்பியர் பாயும், இரும்பு உருகித் தெறிக்கும். நிறுத்தும் வரிசை: முதலில் லோடு, அடுத்து சோலார் பேனல் பிரேக்கர், லைன் கரண்ட் (வெளியிலிருந்து வரும் மின்வாரியக் கரண்ட்), கடைசியில் பேட்டரி. இயக்கும்போது இதற்குத் தலைகீழ்.

## முதலில் இதைப் பாருங்கள்: வீக்கம், இனிப்பான ரசாயன வாடை, சீறல், புகை

இதில் ஒன்று இருந்தாலும் மேற்கொண்டு சோதனை வேண்டாம். பேனல் பிரேக்கரையும் பேட்டரி பிரேக்கரையும் பாதுகாப்பாக எட்ட முடிந்தால் மட்டும் அணையுங்கள். புகையோ சீறலோ இருந்தால் அதற்கும் நிற்காமல் எல்லோரையும் வெளியே கூட்டிக்கொண்டு போய் தீயணைப்புத் துறையைக் கூப்பிடுங்கள். வெளியேறும் வாயு நச்சு, அதோடு எரியக்கூடியது. இரும்பு பாஸ்பேட் வகை மற்ற லித்தியம் வகைகளைவிடப் பாதுகாப்பானதுதான். எரியவே எரியாது என்று அதற்குப் பொருள் இல்லை. பெட்டி உப்பியிருந்தால் அதைத் திறந்து பார்க்கும் ஆசையும் வேண்டாம். தயாரிப்பாளரின் சேவை ஆள் வந்துதான் தொட வேண்டும்.

## 80, 100 சதவீதம் காட்டிக்கொண்டிருக்கும்போதே பட்டென்று அணைந்துவிடுகிறது

அதிகம் வரும் புகார் இதுதான்.

சதவீதத்தைக் காட்டுவது யார்? இன்வெர்ட்டர் திரையில் தெரியும் சதவீதமும் பிஎம்எஸ் ஆப்பில் தெரியும் சதவீதமும் ஒன்றாக இருக்கிறதா பாருங்கள். பிஎம்எஸ்ஸோடு தொடர்புக் கேபிள் போடாத இன்வெர்ட்டர், வோல்ட்டை வைத்துக் குத்துமதிப்பாகச் சொல்கிறது. 48 வோல்ட் லெட் ஆசிட் தொகுப்பு ஓய்வில் 51 வோல்ட் இருந்தால் நிறைந்துவிட்டது என்று பொருள். லித்தியத்தில் ஓய்வில் 51.2 என்றால் மிஞ்சியிருப்பது கால் பங்குகூட இருக்காது. நடுவில் உள்ள பெரும்பகுதிக்கு வோல்ட் 52-லிருந்து 53.3-க்குள்ளேயே நகர்கிறது, பிறகு கடைசியில் சறுக்கி விழுகிறது. ஆகவே தொடர்புக் கேபிள் இல்லாத இன்வெர்ட்டரின் சதவீதத்தை மறந்துவிடுங்கள், பிஎம்எஸ் சொல்வதைப் பாருங்கள்.

பிஎம்எஸ்ஸின் கணக்கே தப்பியிருக்கிறதா? பிஎம்எஸ் உள்ளே வரும் ஆம்பியரையும் வெளியே போகும் ஆம்பியரையும் கூட்டிக் கழித்துக் கணக்கு வைக்கிறது. சின்னக் கரண்டுகள் அதன் கண்ணுக்குப் படுவதில்லை. வாரக்கணக்கில் பேட்டரி முழுசாக நிறையாமலே ஓடினால் பிழை சேர்ந்துகொண்டே போகும். மருந்து எளிது: 55.2 முதல் 56 வோல்ட் வரை ஏற்றி, உள்ளே போகும் கரண்ட் 100 ஆம்பியர் அவர் (கொள்ளளவைச் சொல்லும் அளவு) பேட்டரிக்கு 5 ஆம்பியருக்குக் கீழே இறங்கும் வரை அப்படியே விடுங்கள். கணக்கு தானாக 100-க்குத் திரும்பும். மழைக்காலத்தில் வெயில் போதவில்லை என்றால் லைன் கரண்டில் ஏற்றியாவது மாதம் ஓரிரு முறை இதைச் செய்யுங்கள்.

இன்வெர்ட்டரின் குறைந்த வோல்ட் வெட்டு, அதாவது அது தானாக நின்றுவிடும் வோல்ட், எவ்வளவு? லோடு ஓடும்போது வோல்ட் இறங்கித்தான் தெரியும். வெட்டு 50, 51 என்று வைத்திருந்தால் பேட்டரியின் ஒரு பகுதி வீணாகத் தூங்கும். 48 வோல்ட், அதாவது செல்லுக்கு 3.0, நல்ல எண். 15 செல்லுக்கு 45.

இன்வெர்ட்டரே குடித்துவிடுகிறதா? 5 கிலோவாட் இன்வெர்ட்டர் லோடே இல்லாமல் சும்மா நிற்கவே 50, 60 வாட் எடுக்கும். 60 வாட் என்று வையுங்கள். 24 மணி நேரத்தில் 1.44 யூனிட். 5.12 யூனிட் (51.2 வோல்ட், 100 ஆம்பியர் அவர்) பேட்டரியில் கால் பங்குக்கு மேல் அதிலேயே போய்விட்டது. "ராத்திரி ஒண்ணுமே போடல, காலையில குறைஞ்சிருக்கு" என்பவர்களுக்குப் பதில் இங்கேதான் இருக்கிறது. சின்ன லோடுக்குப் பெரிய இன்வெர்ட்டர் வாங்குவதில் உள்ள நஷ்டம் இது.

கொள்ளளவு உண்மையிலேயே குறைந்திருக்கிறதா? முழுசாக ஏற்றுங்கள். பேனலையும் லைனையும் அணைத்துவிட்டு, 1 கிலோவாட் நிலையான லோடு போட்டு நேரம் பாருங்கள். 100 ஆம்பியர் அவர் பேட்டரி, இன்வெர்ட்டர் இழப்பெல்லாம் போக நாலரை மணி நேரத்தை ஒட்டித் தாங்க வேண்டும். மூன்றரைக்கும் கீழே வந்தால், அணையும் நொடியில் எந்த செல் முதலில் விழுந்தது என்று ஆப்பில் பார்த்துக் குறித்துக்கொண்டு அடுத்த பகுதிக்குப் போங்கள்.

## ஒரு செல் மட்டும் தனியாக நிற்கிறது

இந்தப் பகுதியைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள். மாற்ற வேண்டிய பேட்டரி எது, மாற்றவே தேவையில்லாத பேட்டரி எது என்பதை இதுதான் பிரித்துக் காட்டும்.

பிஎம்எஸ் ஆப்பில் 16 செல்லின் வோல்ட்டும் தனித்தனியாகத் தெரியும். பலரும் செய்வது, பாதி நிறைந்த நிலையில் பார்த்துவிட்டு "வித்தியாசம் 5 மில்லிவோல்ட்தான், அருமை" என்று மூடிவிடுவது. நடுவில் எல்லா செல்லும் ஒரே மாதிரிதான் தெரியும். கெட்ட செல்கூட நல்ல பிள்ளையாக இருக்கும். பார்க்க வேண்டியது மூன்று நேரங்களில்: நிறையப் போகும் கடைசிக் கட்டத்தில், காலியாகும் கடைசிக் கட்டத்தில், நடுவில் 50 ஆம்பியருக்குக் குறையாத லோடு ஓடும்போது. மூன்று தடவையும் திரையைப் படம் பிடித்துக்கொள்ளுங்கள். அதிகம் உள்ள செல் எது, குறைவான செல் எது என்று எண்ணைக் குறியுங்கள்.

லோடு போட்டால் கீழே, சார்ஜ் ஏறும்போது மேலே, ஓய்வில் மற்றவற்றோடு சமம். இது பெரும்பாலும் செல்லின் கோளாறு இல்லை, இணைப்பின் கோளாறு. 50 ஆம்பியர் ஓடும்போது மற்ற செல்கள் 3.29, ஒன்று மட்டும் 3.24 என்றால் அந்த இணைப்பில் 1 மில்லிஓம் கூடுதல் தடை உட்கார்ந்திருக்கிறது. 100 ஆம்பியர் ஓடும்போது அந்த ஒரு நட்டுக்கு அடியில் மட்டும் 10 வாட் சூடு. பிரேக்கரை அணைத்து, செல் இணைப்புத் தகட்டைக் கழற்றி, தொடும் பரப்பை நுண்ணிய உப்புத்தாளால் தேய்த்துத் துடைத்து, தயாரிப்பாளர் சொன்ன முறுக்கு அளவில் டார்க் ரெஞ்சால் இறுக்கினால் தீரும். பேட்டரியை நீங்களே கட்டியிருந்தால் செய்யலாம். சீல் வைத்த பெட்டி என்றால் திறக்காதீர்கள், உத்தரவாதம் போய்விடும். மூன்று படங்களோடு சேவை மையத்துக்குச் சொல்லுங்கள்.

நிறையும்போதும் முதலில் எகிறுகிறது, காலியாகும்போதும் அதுவே மேலே நிற்கிறது. செல் நல்ல செல். மற்றவற்றைவிட முன்னே ஓடிக்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். சமன்செய்ய நேரம் கொடுத்தால் போதும். எவ்வளவு நேரம் என்பதில்தான் பலரும் பொறுமை இழக்கிறார்கள். சாதாரண பிஎம்எஸ் 100 மில்லிஆம்பியர் அளவில்தான் கூடுதலை எரித்து வெளியேற்றும், அதுவும் செல் சுமார் 3.4 வோல்ட்டைத் தாண்டிய பிறகுதான் வேலையைத் தொடங்கும். ஒரு செல் 2 ஆம்பியர் அவர் முன்னே இருக்கிறது என்றால் 20 மணி நேர வேலை. தினம் ஒரு மணி நேரம்தான் அந்த உயரத்தில் நிற்கிறது என்றால் 20 நாள். 55.2 வோல்ட்டில் தினம் ஓரிரண்டு மணி நேரம் நிறுத்தி, சில வாரம் விட்டுப் பாருங்கள்.

நிறையும்போது முதல் ஆள், காலியாகும்போதும் முதல் ஆள். கொள்ளளவு குறைந்த செல். சமன்செய்து பயனில்லை. பேட்டரி முழுவதும் அந்த செல்லின் அளவுக்குத்தான் உழைக்கும். உத்தரவாதத்தில் இருந்தால் கோருங்கள். இல்லையென்றால் அதே கொள்ளளவு, அதே ரக செல்லாக ஒன்றை மாற்றலாம். அது பயிற்சி பெற்றவர் கையில் நடக்க வேண்டிய வேலை.

நிறையும்போதும் கீழே, காலியாகும்போதும் கீழே. பின்தங்கிய செல். சமன்செய்து சரியானால் நிம்மதி. சரியாகி, இரண்டு வாரம் கழித்து மறுபடியும் அதே செல் பின்தங்கினால் அதற்குள் கசிவு இருக்கிறது. இதைத் தள்ளிப்போடாதீர்கள், நிபுணரிடம் கொடுங்கள்.

## நிறையப் போகும் நேரத்தில் ஓவர் வோல்டேஜ் எச்சரிக்கை, அல்லது சார்ஜ் விட்டுவிட்டு வருகிறது

15 செல்லா என்று பாருங்கள். பல இன்வெர்ட்டர்களில் லெட் ஆசிட் வகைக்கான பழைய செட்டிங் 56.4 வோல்ட். 16 செல்லுக்கு அது செல்லுக்கு 3.53, பரவாயில்லை. 15 செல்லுக்கு 3.76! எல்லை 3.65. பிஎம்எஸ் சார்ஜை வெட்டிவிடும். வெட்டியதும் சோலார் சார்ஜர் தள்ளிக்கொண்டிருந்த கரண்டுக்குப் போக்கிடம் இல்லாமல் வோல்ட் ஒரு கணம் எகிறும், இன்வெர்ட்டர் அலறும். இன்வெர்ட்டர் கெட்டுவிட்டது என்று அதைக் கழற்றிக்கொண்டு போனவர்களும் உண்டு.

வைக்க வேண்டிய எண்கள் இவை. பேட்டரிக் கையேட்டில் வேறு எண் இருந்தால் கையேடு சொல்வதே சரி.

16 செல்: ஏற்றும் வோல்ட் 55.2 முதல் 56.0, ஃப்ளோட் (நிறைந்த பிறகு தாங்கிப் பிடிக்கும் வோல்ட்) 53.6, குறைந்த வெட்டு 48.
15 செல்: ஏற்றும் வோல்ட் 51.8 முதல் 52.5, ஃப்ளோட் 50.2, குறைந்த வெட்டு 45.

ஈக்வலைசேஷன் (இடையிடையே வேண்டுமென்றே கூடுதல் வோல்ட்டில் ஏற்றுவது) கட்டாயம் அணைந்திருக்க வேண்டும். அது லெட் ஆசிட்டுக்கான வைத்தியம். லித்தியத்தை அது எல்லைக்கே கொண்டுபோய் நிறுத்தும். வெப்பத்துக்கேற்ப வோல்ட் திருத்தும் வசதி இருந்தால் அதையும் சுழியமாக்குங்கள்.

வோல்ட் சரியாக இருந்தும் எச்சரிக்கை வருகிறதா? ஒரு செல் முன்னே ஓடுகிறது. மேலே சொன்னபடி 55.2-க்கு இறக்கிச் சில வாரம் விடுங்கள். முதல் நாளே 56-க்கு மேல் தள்ளிச் சமன்செய்ய நினைக்காதீர்கள், 3.45-க்கு மேல் செல்லின் வோல்ட் கண்ணிமைக்கும் நேரத்தில் ஏறிவிடும்.

உச்சி வெயிலில் மட்டும் விட்டுவிட்டு வருகிறதா? கரண்ட் கூடுதலாகப் போகிறது. 100 ஆம்பியர் அவர் பேட்டரிக்குப் பொதுவாக 50 ஆம்பியர் மேல் எல்லை. சோலாருக்கு 80, லைனுக்கு 60 என்று இன்வெர்ட்டரில் பழைய எண் கிடந்தால், இரண்டும் ஒன்றாக ஓடும் நாளில் பிஎம்எஸ் வெட்டத்தான் செய்யும். மொத்த சார்ஜ் எல்லையைக் குறையுங்கள். 20, 30 ஆம்பியரில் நாள் முழுக்க நிறைவது பேட்டரிக்கும் நல்லது.

பிஎம்எஸ் கடைசிக் காவல். தினமும் அது வெட்டித்தான் பேட்டரி நிற்கிறது என்றால் செட்டிங் தவறு. சார்ஜை முதலில் நிறுத்த வேண்டியது இன்வெர்ட்டர்தான்.

## மோட்டார், ஏசி, மிக்சி ஓடத் தொடங்கும்போது அணைகிறது. அல்லது கேபிள் சுடுகிறது

இரண்டுக்கும் வேர் பெரும்பாலும் ஒன்றே.

முதலில் மல்டிமீட்டர் சோதனை. 2, 3 கிலோவாட் லோடு போடுங்கள். பேட்டரி முனையில் வோல்ட் அளங்கள். உடனே இன்வெர்ட்டரின் பேட்டரி முனையில் அளங்கள். 0.2, 0.3 வோல்ட் வித்தியாசம் இருக்கலாம். அரை வோல்ட்டைத் தாண்டினால் வழியில் எங்கோ அடைப்பு. 100 ஆம்பியர் ஓடும்போது அரை வோல்ட் என்றால் 50 வாட் சூடு, அது பெரும்பாலும் ஒரே ஒரு லக்கில் (கேபிள் நுனியில் அழுத்திய உலோக முனை) குவிந்திருக்கும். இப்போது மீட்டரின் ஒரு முள்ளை பேட்டரி போல்ட்டின் தலையிலும் மற்றொன்றை லக்கிலும் வையுங்கள். அடுத்து லக்கிலிருந்து பிரேக்கர் வரை. பிறகு பிரேக்கரின் இரண்டு முனை. இப்படி ஒவ்வொரு கண்ணியாக நகர்ந்தால் திருடன் அகப்படுவான். பெரும்பாலும் சுத்தியால் அடித்து நசுக்கிய லக், அல்லது லக்குக்கும் முனைக்கும் நடுவே மாட்டிய வாஷர். வாஷர் லக்குக்கு மேலேதான் வர வேண்டும், கீழே இல்லை. லக்கை ஹைட்ராலிக் கிரிம்பரில் அழுத்த வேண்டும். அந்தக் கருவி இல்லையென்றால் இருப்பவரிடம் கொடுத்து அழுத்திக்கொள்வதே நல்லது.

கேபிள் தடிமன்: 51.2 வோல்ட்டில் 5 கிலோவாட் என்றால் இன்வெர்ட்டர் இழப்பையும் சேர்த்து 105, 110 ஆம்பியர். இரண்டு மீட்டருக்குள் 35 சதுர மில்லிமீட்டர் செம்புக் கேபிள் போடுங்கள். 16 சதுர மில்லிமீட்டர் இழுத்திருந்தால் அதை மாற்றுவதே முதல் செலவு.

கேபிளில் குறை இல்லை, ஆனாலும் மோட்டார் தொடங்கும் கணத்தில் அணைகிறதா? பிஎம்எஸ் ஆப்பில் எச்சரிக்கைப் பதிவைப் பாருங்கள். "டிஸ்சார்ஜ் ஓவர் கரண்ட்" என்று இருந்தால் பேட்டரிக்கு வலு போதவில்லை. மோட்டார் தொடங்கும் கணத்தில் ஓடும் கரண்டைப்போல ஐந்தாறு மடங்கு இழுக்கும். 100 ஆம்பியர் பிஎம்எஸ் நிலையாகத் தருவது 5 கிலோவாட்தான். 10 கிலோவாட் வரை ஒரு கணம் தாங்கும் இன்வெர்ட்டரை ஒரே ஒரு 100 ஆம்பியர் பேட்டரியில் மாட்டிவிட்டு அந்த 10-ஐ எதிர்பார்க்க முடியாது. வழிகள் மலிவிலிருந்து: பெரிய லோடுகள் ஒரே நேரத்தில் தொடங்காமல் பிரித்து வைப்பது, மோட்டாரை மெதுவாகத் தொடங்கவைக்கும் சாஃப்ட் ஸ்டார்ட்டர் மாட்டுவது, இன்னொரு பேட்டரியை இணையாகச் சேர்ப்பது.

## பேட்டரி செத்தது மாதிரி இருக்கிறது, முனையில் வோல்ட்டே இல்லை

பதறாதீர்கள். பிஎம்எஸ் கதவை மூடிக்கொண்டிருக்கிறது, உள்ளே செல்கள் இருக்கின்றன.

பிரேக்கர், பவர் பட்டன் பாருங்கள். பட்டனைச் சில நொடி அழுத்திப் பிடித்தால் பல பேட்டரிகள் விழித்துவிடும். எழவில்லை என்றால், ஆழமாகக் காலியாகித் தூங்கியிருக்கும். இங்கே ஒரு முட்டுக்கட்டை உண்டு: பேட்டரி வோல்ட் தெரிந்தால்தான் இன்வெர்ட்டர் சார்ஜ் செய்யும், சார்ஜ் வந்தால்தான் பேட்டரி விழிக்கும். லித்தியத்தை எழுப்பும் வசதி உள்ள சார்ஜர் இந்த முடிச்சை அவிழ்க்கும்.

விழித்ததும் ஆப்பில் செல் வோல்ட்டைப் பார்க்காமல் கரண்டை ஏற்றிவிடக் கூடாது. எல்லாம் 2.5-க்கு மேல் என்றால் சாதாரணமாக ஏற்றலாம். 2.0-க்கும் 2.5-க்கும் நடுவில் என்றால் 100 ஆம்பியர் அவர் பேட்டரிக்கு 5 ஆம்பியரில், எல்லா செல்லும் 3.0 தாண்டும் வரை, பக்கத்திலேயே இருந்து ஏற்றுங்கள். ஒரு செல் 2.0-க்கும் கீழே போயிருந்தால் நிறுத்துங்கள். உள்ளே செம்பு கரைந்து, ஏற்றும்போது உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆகும் அபாயம் இருக்கிறது. இனி நிபுணர் வேலை.

ஊருக்குப் போய் வாரக்கணக்கில் பூட்டிவைத்த வீடுகளில் இது நடக்கும். இன்வெர்ட்டரை ஓடவிட்டுப் போயிருப்பார்கள், பேனலை அணைத்திருப்பார்கள். போகும்போது பாதி சார்ஜில் வைத்து, பேட்டரி பிரேக்கரையே அணைத்துவிட்டுப் போங்கள்.

## பேட்டரி நிறைந்திருந்தும் வீடு லைன் கரண்டிலேயே ஓடுகிறது

முன்னுரிமை செட்டிங்கில் சோலார், பேட்டரி, லைன் என்ற வரிசை இருக்கிறதா பாருங்கள். இருந்தும் மாறவில்லை என்றால் பேட்டரிக்குத் திரும்பும் வோல்ட்டைத் தேடுங்கள். பல இன்வெர்ட்டர்களில் 54 என்று கிடக்கும். லித்தியம் பேட்டரி நிறைந்து ஓய்வெடுக்கும்போது 53.4-ஐ ஒட்டித்தான் நிற்கும், ஏறிக்கொண்டிருக்கும் கடைசிக் கட்டம் தவிர 54-ஐத் தொடாது. ஆகவே 53-க்கு இறக்குங்கள். லைனுக்கு மாறும் வோல்ட்டை 49, 50 அளவில் வையுங்கள். தொடர்புக் கேபிள் வேலை செய்தால் வோல்ட்டுக்குப் பதில் சதவீதத்தில் கேட்கும். அது இன்னும் நல்லது.

## பேட்டரித் தொடர்பு இல்லை என்று எச்சரிக்கை

கேபிளைப் பிடுங்கி மறுபடி மாட்டுங்கள். சரியான துளையில்தான் மாட்டியிருக்கிறதா? கேன், ஆர்எஸ்485 என்ற இரண்டு தொடர்பு வகைக்கும் ஒரே வடிவத் துளை. அடுத்து, இன்வெர்ட்டரில் பேட்டரி வகையை லித்தியமாக்கி, பேட்டரி பேசும் புரோட்டோகாலையே (தொடர்பு மொழி) தேர்ந்தெடுத்திருக்கிறீர்களா என்று பாருங்கள். அடுத்து பேட்டரியின் பக்கத்தில் உள்ள சின்னச் சுவிட்சுகள். பல பேட்டரி இருந்தால் ஒன்றை மாஸ்டராகவும் மற்றவற்றுக்கு வெவ்வேறு எண்ணாகவும் கையேட்டில் சொன்னபடி வைத்து, பேட்டரியை ஒருமுறை அணைத்து இயக்க வேண்டும்.

இவ்வளவும் சரி என்றால் கேபிள்தான். கணினிக்குப் போடும் சாதாரண நெட்வொர்க் கேபிளில் கம்பிகளின் வரிசை உங்கள் பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் பொருந்தாமல் இருக்கலாம். இரண்டு கையேட்டிலும் பின் வரிசையைப் பார்த்து, அதற்கேற்ப ஒரு பக்கம் மாற்றி அழுத்த வேண்டும்.

தொடர்பு கிடைக்கும் வரை வீட்டை இருட்டில் வைக்க வேண்டியதில்லை. பேட்டரி வகையை யூசர் என்று வைத்து மேலே கொடுத்த எண்களைப் போட்டால் நிம்மதியாக ஓடும்.

## இரண்டு பேட்டரியில் ஒன்று மட்டும் உழைக்கிறது

கிளாம்ப் மீட்டரை ஒவ்வொரு பேட்டரிக் கேபிளிலும் மாட்டிப் பாருங்கள். 60-க்கு 40 என்று பிரிந்தால் உடனே கவலை வேண்டாம், நாள் முடிவில் இரண்டும் ஒன்றாக வந்து சேரும். 90-க்கு 10 என்றால் குறை இருக்கிறது.

இன்வெர்ட்டரின் இரண்டு கேபிளும் முதல் பேட்டரியிலேயே மாட்டியிருந்தால் அதுதான் காரணம். பாசிட்டிவை முதல் பேட்டரியிலிருந்தும் நெகட்டிவைக் கடைசி பேட்டரியிலிருந்தும் எடுங்கள். மூன்றுக்கு மேல் என்றால் தடித்த பஸ்பார் (எல்லாக் கேபிளும் வந்து சேரும் உலோகப் பட்டை) வைத்து, ஒவ்வொரு பேட்டரிக்கும் ஒரே நீளக் கேபிள். பக்கத்தில் இருப்பதற்குக் கேபிளைக் குறைத்து வெட்டக் கூடாது, சுற்றி வளைத்தாவது ஒரே நீளம் வேண்டும்.

பழையதோடு புதிதைச் சேர்க்கும்போது இரண்டையும் தனித்தனியாக முழுசாக ஏற்றி, வோல்ட் வித்தியாசம் 0.1-க்குள் வந்த பிறகு இணையுங்கள். இல்லையென்றால் இணைத்த நொடியில் ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குக் கரண்ட் பாய்ந்து பிஎம்எஸ் வெட்டும். லித்தியத்தோடு லெட் ஆசிட்டை இணையாகப் போடுவதைப் பலர் கேட்கிறார்கள். வேண்டாம்.

## இணைக்கும்போது பெரிய தீப்பொறி, பேட்டரி உடனே அணைகிறது

இன்வெர்ட்டருக்குள் இருக்கும் கெபாசிட்டர்கள் காலியாக இருப்பதால் முதல் தொடுதலில் ஒட்டுமொத்தமாக இழுக்கின்றன. பிஎம்எஸ் அதை ஷார்ட் என்று எடுத்துக்கொள்கிறது. பாசிட்டிவ் வழியில் 25 முதல் 50 ஓம், 50 வாட் மின்தடை ஒன்றைச் சில நொடி தொட்டு வைத்து கெபாசிட்டரை நிரப்பிய பிறகு நேரடியாக இணையுங்கள். அதன் பிறகும் வெட்டினால் பாசிட்டிவ், நெகட்டிவ் மாறியிருக்கிறதா என்று மீட்டரால் பாருங்கள். மாறவில்லை, ஆனாலும் வெட்டுகிறது என்றால் இன்வெர்ட்டருக்குள் ஷார்ட். அதைக் கழற்றி சர்வீசுக்கு அனுப்புங்கள்.

## குளிரில் ஏறவில்லை, வெயிலில் நின்றுவிடுகிறது

செல் வெப்பம் 0 டிகிரிக்குக் கீழே போனால் பிஎம்எஸ் சார்ஜை மறுக்கும்; மறுக்கத்தான் வேண்டும், ஏற்றினால் நிரந்தரச் சேதம். வெளியே வெயில் வந்த பிறகும் பெட்டிக்குள் சூடேற மணிக்கணக்காகும். மறுபக்கம், 55, 60 டிகிரியைத் தொட்டால் பல பிஎம்எஸ்கள் வெட்டும். தகரக் கூரைக்கு அடியிலோ, இன்வெர்ட்டரின் வெப்பக் காற்று படும் இடத்திலோ பேட்டரியை வைக்காதீர்கள். சுற்றி ஒரு கை நுழையும் இடைவெளியாவது விடுங்கள். படுக்கையறையிலும் வெளியேறும் வழியிலும் வைக்கவே கூடாது.

## எல்லாம் பார்த்தாயிற்று, புதிது வாங்கத்தான் வேண்டும்

அப்படியானால் ஆம்பியர் அவரைப் பார்ப்பதற்கு முன் பிஎம்எஸ்ஸின் நிலையான டிஸ்சார்ஜ் ஆம்பியரைப் பாருங்கள். அதை 51.2-ஆல் பெருக்கினால் வருவது உங்கள் இன்வெர்ட்டரின் வாட்டைவிடக் கூடுதலாக இருக்க வேண்டும். உங்கள் இன்வெர்ட்டர் தயாரிப்பாளர் வெளியிட்ட பொருந்தும் பேட்டரிப் பட்டியலில் அந்த மாடல் இருக்கிறதா பாருங்கள். தனி செல் வோல்ட்டைக் காட்டாத பேட்டரியை எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் நான் வாங்கமாட்டேன். பழுது வந்தால் கண்ணைக் கட்டிக்கொண்டு தேட வேண்டியிருக்கும். பேட்டரிக்கும் இன்வெர்ட்டருக்கும் நடுவில் டிசிக்கென்று மதிப்பிட்ட, ஷார்ட் கரண்டை வெட்டக்கூடிய ஃப்யூஸ் பேட்டரிக்கு மிக அருகில் வர வேண்டும். ஏசி பிரேக்கர் டிசியின் பொறியை அணைக்காது.

மாட்டிய முதல் நாளே முழுசாக ஏற்றி, நிறையும் கட்டத்தில் செல் வோல்ட்டைப் படம் எடுங்கள். ஒரு முறை காலியாக்கி அந்தக் கட்டத்திலும் எடுங்கள். லக்குகளை ஒரு மாதம் கழித்து, பிரேக்கரை அணைத்துவிட்டு, மறுபடி டார்க் ரெஞ்சில் சோதியுங்கள். உத்தரவாதம் கோரும்போது சேவை மையம் முதலில் கேட்பது அந்தப் படங்களையும் இன்வெர்ட்டரின் செட்டிங்கையும்தான்; இரண்டையும் பேட்டரியின் சீரியல் எண்ணோடு ஒரே இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.